பாட்டை முதலில் வாசித்துப் பாருங்கள்: ஆராதனைக்குப் பாடல் தெரிந்தெடுப்பவர்களுக்கு

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பாஸான பிள்ளைகளை எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், முன்னே கூப்பிட்டு ஜெபித்தார். பெற்றோர் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார்கள். அந்த நேரத்துக்கென்று நான் எடுத்துக் கொடுத்திருந்த பாட்டு, கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்கிற வசனத்தை வைத்துக் கட்டியது. கைதட்டிப் பாடுகிற பாட்டு. சபை முழுக்க எழும்பி நின்று பாடியது.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த பையன் என்னிடம் வந்தான். ஒவ்வொரு வாரமும் ஒயர் சுற்றுவது அவன்தான். அந்த வருஷம் அவனுக்கு 2 பாடம் போய்விட்டது. தலையை நிமிர்த்தாமலே கேட்டான்: "டீச்சர், அப்போ நான் வாலா?"

எனக்குப் பதில் வரவில்லை. "அப்படி இல்ல தம்பி" என்று தோளைத் தொட்டேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, அந்த வசனம் வருகிற உபாகமம் 28ஆம் அதிகாரத்தை எடுத்து உட்கார்ந்தேன். மொத்தம் 68 வசனம். முதல் 14 ஆசீர்வாதம், மீதி 54 சாபம். ஆசீர்வாதம் முழுவதும், கட்டளைகளைக் கைக்கொண்டால் என்று ஒரு ஜனத்தோடு பேசுகிற உடன்படிக்கைப் பேச்சு. பரீட்சை மார்க்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவ்வளவு பெரிய அதிகாரத்திலிருந்து அரை வசனத்தைப் பிய்த்தெடுத்து, தோற்றுப்போன ஒரு பையன் காதில் விழும்படி ஊரே சேர்ந்து பாட வைத்திருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் பாட்டு எடுக்கிற விதம் அதிலிருந்து மாறியது. எங்களுடையது பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சபை. வார நாட்களில் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை 19 வருஷமாக என் கையில் இருக்கிறது. உங்கள் சபையில் இந்த வேலை உங்களிடம் வந்திருந்தால், நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது, "சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லிக்கொண்டு" என்கிறார். போதித்து என்கிற சொல்லைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்ட பிரசங்கம் செவ்வாய்க்கிழமைக்குள் பாதி மறந்துபோகும். பாட்டோ, பாத்திரம் விளக்கும்போது வாயில் வரும், பஸ்ஸில் வரும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வரும். ஆக, பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர் சபைக்குப் பாடம் நடத்துகிறார். அந்தப் பயத்தோடு உட்கார வேண்டும்.

பழைய பாட்டா, புதுப் பாட்டா என்கிற சண்டையை முதலிலேயே ஓரமாக வைத்துவிடுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரிகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் ராகங்களுக்குத் தமிழ் வார்த்தைகளைப் போட்டுப் பாட வைத்தபோது, அது இங்கே யாரும் கேட்டிராத புதுப் பாட்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி எழுதியபோது, குறத்தி குறி சொல்லும் குறவஞ்சி வடிவத்தை அப்படியே எடுத்து அதற்குள் கிறிஸ்துவை வைத்தார். அதுவும் அன்றைக்குப் புதுசுதான். கீபோர்டும் டிரம் பேடும் வைத்துப் பாடுவதால் ஒரு பாட்டு ஆழமில்லாமல் போய்விடாது. பாமாலைப் புத்தகத்தில் இருப்பதாலேயே ஆழமாகிவிடவும் செய்யாது. பாட்டின் வயதை விட்டுவிட்டு வார்த்தையைப் பாருங்கள்.

ராகத்தை எடுத்துவிட்டு வாசிப்பது

ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால், நான் முதலில் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் மனசு ராகத்தோடு போய்விடும். வார்த்தைகளை மட்டும் வாங்கி, கோடு போட்ட நோட்டில் கையால் எழுதுகிறேன். காப்பி செய்து ஒட்டினால் கண் தாண்டிப் போய்விடும். கை எழுதும்போதுதான் ஒவ்வொரு சொல்லும் நின்று பதில் சொல்லும். அப்புறம் வகுப்பில் செய்யுள் வாசிப்பதுபோல ஒரு தடவை சத்தமாக வாசிக்கிறேன். ராகம் இல்லாமல் வாசித்து நிற்கிற பாட்டு, ராகத்தோடும் நிற்கும்.

அடுத்து இரண்டு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். வினைமுற்றுகளுக்கு எல்லாம் அடிக்கோடு போடுங்கள். தேவன் செய்தது, செய்கிறது, செய்யப்போவது எல்லாம் சிவப்பு. நாம் செய்வது எல்லாம் நீலம். பாடுவேன், துதிப்பேன், உயர்த்துவேன், ஆடுவேன், ஓடுவேன் என்று பக்கம் முழுக்க நீலமாக இருந்தால், ஏன் துதிக்கிறேன் என்பது அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பல பாட்டுகளில் அது இருக்காது. நீலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சங்கீதக்காரனும் "பாடுவேன்" என்றுதான் சொல்கிறான். ஆனால் காரணத்தையும் கூடவே சொல்கிறான்.

ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது ஆழமில்லாததற்கு அடையாளம் என்று எங்கள் சபைப் பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களோடு நான் 136ஆம் சங்கீதத்தை உட்கார்ந்து வாசித்தேன். 26 வசனம். "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பது 26 தடவை வருகிறது. இன்றைக்குப் பெரும்பாலான பாட்டுகளில் ஒரு வரி இத்தனை தடவை வராது. ஆனால் மற்றப் பாதி வரியைப் பாருங்கள். வானத்தை உண்டாக்கியது, பூமியைத் தண்ணீர்கள்மேல் பரப்பியது, சூரியன், சந்திரன், எகிப்தின் தலைப்பிள்ளைகள், சிவந்த சமுத்திரம் இரண்டாகப் பிரிந்தது, வனாந்தரம், சீகோன், ஓக் என்று இரண்டு ராஜாக்கள் பெயரோடு. கடைசியில் மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுப்பதில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் கிருபை என்கிற சொல்லுக்குள் ஒரு புதுச் சம்பவம் ஏறுகிறது. முதல் வசனத்தில் பாடிய கிருபையும் 26ஆம் வசனத்தில் பாடுகிற கிருபையும் ஒரே எடை இல்லை. ஆகவே ஒரு வரி திரும்ப வந்தால் எத்தனை தடவை என்று எண்ணாதீர்கள். இடையில் என்ன ஏறியது என்று கேளுங்கள்.

அடைமொழியைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில், எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை எழுதிய இரட்சணிய யாத்திரிகத்தில் ஒரு பகுதி பாடமாக இருக்கிறது. 1894இல் வெளிவந்த காப்பியம். இயேசுவைப் பிடித்துக் கட்டி நிந்திக்கிற காட்சி. என் வகுப்பில் பாதிக்கு மேல் பிற மதத்துப் பிள்ளைகள். அந்தப் பாடம் நடத்தும் வருஷமெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "அவர் ஏன் டீச்சர் ஒண்ணும் திருப்பிச் சொல்லல?" கூட்டத்தின் பழிச்சொல்லும் அவர் மௌனமும் கண் முன்னால் நிற்பதால்தான் அந்தக் கேள்வி வருகிறது. அழகே, அமுதே, ஆருயிரே என்று அடுக்கியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆழமான பாட்டு என்றால் கடினமான தமிழ் என்று நினைக்க வேண்டாம். ஒரு காட்சி இருக்கிறதா, அது சுவிசேஷத்தில் இருக்கிற காட்சியா, அவ்வளவுதான்.

வசனத்தை வைத்துக் கட்டிய பாட்டு என்றால், அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதை வாசிக்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். இதில் நான் பட்ட பாட்டைத்தான் மேலே சொன்னேன். எரேமியா 29:11க்கும் இதே கதிதான் நேருகிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பதை வைத்து இந்த மாதமே அற்புதம் என்று பாடுகிறோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனம் 70 வருஷம் என்று சொல்கிறது. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த ஊரிலேயே அடக்கமாகியிருப்பார்கள். அவர்களிடம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் தேவன். நீண்ட காத்திருப்பின் நடுவே கொடுத்த வாக்கு அது. காத்திருப்பையும் சேர்த்துப் பாடுகிற பாட்டாக இருந்தால் சந்தோஷமாக எடுங்கள். வளைகுடாவில் மகனை விட்டுவிட்டு 11 வருஷமாகக் காத்திருக்கிற ஒரு தாய் எங்கள் சபையில் இருக்கிறார். அவருக்கு அந்தக் காத்திருப்புதான் மருந்து.

நாமா, நாங்களா

இங்கிலீஷ் பாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழில் இருக்கிறது. நாம் என்றால் கேட்கிறவரும் சேர்ந்தவர். நாங்கள் என்றால் கேட்கிறவர் சேராதவர். தேவனைப் பார்த்து "நாம் பாவம் செய்தோம்" என்று பாடினால், இலக்கணப்படி அவரையும் பாவிகளோடு சேர்த்துவிட்டோம். கர்த்தருடைய ஜெபம் "எங்கள் பிதாவே" என்றுதான் தொடங்குகிறது. 136ஆம் சங்கீதத்தில் "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரைத் துதியுங்கள்" என்று வருகிறது. அங்கே நம் என்பது சரி, ஏனென்றால் அது சபையார் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்வது. மொழிபெயர்த்த பாட்டுகளில் இது அடிக்கடி குழம்புகிறது. நோட்டில் எழுதும்போதே ஒவ்வொரு அடிக்குப் பக்கத்திலும், தேவனிடம் பேசுகிறதா, சபையிடம் பேசுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பாட்டுக்கு நடுவில் அவர் என்பது நீர் என்று மாறினால் பிழை என்று உடனே தள்ளிவிட வேண்டாம். 23ஆம் சங்கீதம் முதல் 3 வசனத்தில் "அவர்" என்று பேசுகிறது. மரண இருளின் பள்ளத்தாக்கில் இறங்கியதும், "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று முகத்தைத் திருப்பிவிடுகிறது. வெளிச்சத்தில் அவரைப் பற்றிப் பேசினவன், இருட்டில் அவரிடமே பேசுகிறான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இப்படிக் காரணத்தோடு மாறினால் அது அழகு. எதுகைக்காக மாறியிருந்தால் அது வேறு விஷயம்.

பெரிய தவறு இன்னொன்று. "பிதாவே" என்று தொடங்கி, "எனக்காகச் சிலுவையில் மரித்தீரே" என்று முடிகிற பாட்டுகள் இருக்கின்றன. சிலுவையில் மரித்தது குமாரன். பிதா மரித்தார் என்பதைத் திருச்சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே தவறு என்று தள்ளிவிட்டது. எழுதியவர் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார், உணர்ச்சி வேகத்தில் வந்திருக்கும். ஆனால் 10 வயதுப் பிள்ளை அதைப் பாடித்தான் திரித்துவத்தைக் கற்றுக்கொள்கிறது.

இப்படி ஒரு சொல் மட்டும் இடறுகிற நல்ல பாட்டு கிடைத்தால், நீங்களாகத் திருத்திப் பாடாதீர்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால் எழுதிக் கேளுங்கள். நான் இரண்டு பேருக்கு எழுதியிருக்கிறேன். ஒருவர் அன்றைக்கே போன் செய்து, "நல்லாச் சொன்னீங்கம்மா, மாத்திப் பாடுங்க" என்றார். மற்றவரிடமிருந்து பதில் இல்லை, அந்தப் பாட்டை நாங்கள் பாடுவதில்லை. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 60 வருஷம் வரைக்கும் பாட்டுக்குப் பதிப்புரிமை உண்டு. திரையில் போடும்போது எழுதியவர் பெயரைக் கீழே போடுவது குறைந்தபட்ச மரியாதை.

இங்கிலீஷிலிருந்து தமிழாக்கிப் பாடுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கிரேஸ் என்பது ஒரே மூச்சில் முடிகிற சொல். கிருபை என்றால் மூன்று எழுத்து. நம் வினைமுற்றில் காலமும் இடமும் எல்லாம் சேர்ந்து நீளமாகிவிடும். அதே ராகத்துக்குள் அடக்கப் பார்த்தால் பாதிக் கருத்து வெளியே போய்விடும். எப்போதும் வெளியே போவது, "ஏனென்றால்" என்று வருகிற பாதிதான். அல்லேலூயா நின்றுவிடும், காரணம் போய்விடும். என் அபிப்பிராயத்தில் ராகத்தை விட்டுக்கொடுப்பது மேல். கருத்தை எடுத்துக்கொண்டு தமிழுக்கு ஏற்ற ராகத்தில் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

குறிலை இழுத்தால்

வார்த்தை சரி என்று தெரிந்த பிறகுதான் ராகத்தைக் கேட்கிறேன். கேட்கும்போது முதல் வேலை, குறில் எங்கே நீள்கிறது என்று பார்ப்பது. கரம் என்பதை இழுத்தால் காரம். பலன் என்பதை இழுத்தால் பாலன். வரும் என்பதை இழுத்தால் வாரும்; அவர் வரப்போகிறார் என்கிற நம்பிக்கை, வாருங்கள் என்கிற அழைப்பாக மாறிவிடும். எங்கள் ஞாயிறு பள்ளியில் ஒரு சின்னப் பெண், "இயேசுவின் காரம் என்னைத் தாங்கும்" என்று அவ்வளவு பக்தியாகப் பாடினாள். அவள் மேல் தப்பில்லை. ராகம் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. தாளம் போடுகிற தம்பியிடம் சொல்லி, அந்த இடத்தில் க-வை வெட்டி, ர-விலோ மகர ஒற்றிலோ நீளத்தை வைத்தால் சரியாகிவிடும். பாதிப் பாட்டுகளை இப்படியே மீட்டுவிடலாம்.

ஸ்ருதியில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ரெக்கார்டிங்கில் பாடுகிறவர் பயிற்சி பெற்ற பாடகர், உச்சத்தில் நின்று பாடுவார். அதே ஸ்ருதியை வைத்தால் சபை இரண்டாம் சரணத்தில் வாயை மூடிவிடும். எங்கள் அனுபவத்தில் மேல் ஸ்தாயியில் டி சுரத்தைத் தாண்டினால் ஆண்கள் பாட மாட்டார்கள். பாட்டின் உச்சமான இடம் எது என்று முதலில் கண்டுபிடித்து, அது டி-யில் வந்து நிற்கும்படி கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை இறக்குங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று தட்டு தட்டினால் போதும்.

ஒரு ஞாயிறு மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் நின்று பாருங்கள். பக்கத்தில் நிற்கிற ஆச்சியின் குரல் உங்கள் காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால், ஸ்பீக்கர் சத்தம் அதிகம், இல்லையென்றால் சபை பாடவில்லை. எங்கள் சபையில் இரண்டுமே இருந்தது. சத்தத்தைக் குறைக்க வைப்பதற்கு 3 மாதம் பேச வேண்டியிருந்தது. ஒரு சரணத்தில் வாத்தியம் முழுவதையும் நிறுத்தி, சபையின் குரல் மட்டும் கேட்கட்டும் என்று வாலிபரிடம் கேட்டுக்கொண்டேன். முதல் தடவை அப்படிப் பாடியபோது கிட்டார் வாசிக்கிற பையன் திரும்பி சபையைப் பார்த்தான். அவன் அதுவரைக்கும் சபை பாடிக் கேட்டதே இல்லை.

அழுகிறவர்களுக்கு என்ன பாட்டு

ஒரு வருஷம் முடிந்ததும் என் நோட்டை எடுத்து, பாடிய பாட்டுகளைப் பொருள்வாரியாகப் பிரித்தேன். துதி, ஆசீர்வாதம், படைப்பு, பாவ அறிக்கை, சிலுவை, உயிர்த்தெழுதல், பரமேறுதல், ஆவியானவர், சபை, வருகை, ஏழைகளுக்கு நியாயம், துக்கம். துதியும் ஆசீர்வாதமும் நிரம்பி வழிந்தன. பாவ அறிக்கை ஒரு கைவிரலுக்குள் அடங்கியது. பரமேறுதல் ஒன்றுகூட இல்லை. துக்கம் ஒன்றுகூட இல்லை. உங்கள் நோட்டிலும் இதைச் செய்து பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வேதத்தில் 150 சங்கீதம். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, இரண்டு வசனத்துக்குள் எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று மறுபடி மறுபடி கேட்கிறது. 88ஆம் சங்கீதத்தில் கடைசி வரைக்கும் விடிவதே இல்லை. தேவன் இதையும் தம்முடைய ஜனத்தின் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். நாம் எடுத்துவிட்டோம்.

எங்கள் சபையில் ஒரு அக்கா, வியாழக்கிழமை கணவரை அடக்கம் பண்ணிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தார். மூன்றாவது பெஞ்ச். அவர் வருவார் என்று சனிக்கிழமை ராத்திரி தெரிந்ததும், பட்டியலில் இருந்த இரண்டு வேகப் பாட்டை எடுத்துவிட்டேன். 13ஆம் சங்கீதத்தை, புத்தகத்தில் உள்ளபடியே, பெண்கள் ஒரு வசனம், ஆண்கள் ஒரு வசனம் என்று மெதுவாகப் பாட வைத்தோம். ஒரு எளிய ராகத்தில், ஆர்மோனியம் மட்டும். அந்த அக்கா பாடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். வாசலில் என் கையைப் பிடித்து, "இன்னைக்கு எனக்கும் ஒரு பாட்டு இருந்துச்சும்மா" என்றார். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு புலம்பல் பாட்டு உண்டு. சபையில் யாருக்கும் துக்கம் இல்லை என்று நமக்குத் தோன்றுகிற மாதத்திலும் உண்டு. நமக்குத் தெரியாத துக்கம் எந்த ஞாயிறும் எந்தப் பெஞ்சிலாவது உட்கார்ந்திருக்கும்.

ஏழைகளுக்கு நியாயம் என்கிற தலைப்பிலும் நமக்குப் பாட்டு குறைவு. மரியாள் பாடிய பாட்டைத் திரும்ப வாசியுங்கள். "பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்" என்று ஒரு கிராமத்துப் பெண் பாடுகிறாள். அதைக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு தடவையாவது சபை பாடட்டும்.

திருச்சபை நாட்காட்டி இதற்கெல்லாம் நல்ல துணை. அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்), லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்), பரமேறுதல், பெந்தெகொஸ்தே, திரித்துவ ஞாயிறு என்று வருஷம் முழுக்க விசுவாசத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அது நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. உங்கள் சபையில் நாட்காட்டி வழக்கம் இல்லாவிட்டாலும் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வார வேதபாடத்தை ஐயரிடம் செவ்வாய்க்கிழமையே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆரம்பப் பாட்டு தேவன் யார் என்று சொல்லட்டும். பாவ அறிக்கைக்குப் பின் வருவது மன்னிப்பைப் பாடட்டும். திருவிருந்தில் சிலுவை. கடைசிப் பாட்டு வீட்டுக்கும் வேலைக்கும் அனுப்பி வைக்கட்டும்.

புதுப் பாட்டைச் சபைக்குக் கொடுப்பது

மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் காணிக்கை நேரத்தில் பாடகர் குழு மட்டும் பாடட்டும், சபை கேட்கட்டும். அடுத்த வாரம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் பெரியவர்களுக்கு அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். மூன்றாம் வாரம் மறுபடி பாடகர் குழுவும் பிள்ளைகளும். நான்காம் வாரம் சபை. அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் இன்னும் இரண்டு தடவை பாடினால் நின்றுவிடும்.

திரையில் இரண்டு வரி இரண்டு வரியாகப் போடாதீர்கள். ஒரு சரணம் முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். வாக்கியம் பாதியில் அறுந்தால் கருத்தும் அறுந்துவிடும். கண் தெரியாத பெரியவர்களுக்கு முதல் அடியைப் பாடுகிறவர் முன்கூட்டிச் சொல்லலாம்.

ஒரு பாட்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தால், கொண்டுவந்தவரைத் தனியாக உட்கார வைத்து நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள். வாலிபர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம். அவன் அந்தப் பாட்டைக் கேட்டு ஒரு ராத்திரி அழுதிருக்கலாம். சிவப்பு, நீலப் பேனாவை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அநேகம் தடவை அவனே பார்த்துச் சொல்லிவிடுவான்.

போன லெந்து காலத்தில் நர்சிங் படிக்கிற ஒரு பெண், தானே எழுதிய பாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நைட் டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். நல்ல பாட்டு. சிலுவையில் தொடங்கி வருகையில் முடிந்தது. கடைசிச் சரணத்தில், "என் கண்ணீர் யாவும் துடைத்தீர்" என்று இருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தாள். "துடைச்சிட்டாரா மக்களே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். முந்தின ராத்திரி அவள் வார்டில் ஒரு குழந்தை இறந்துபோயிருக்கிறது. "இல்ல டீச்சர்" என்றாள், "இன்னும் இல்ல."

வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தை எடுத்தோம். "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்." அவளே பேனாவை எடுத்து, துடைத்தீர் என்பதை அடித்துவிட்டுத் துடைப்பீர் என்று எழுதினாள். பாடிப் பார்த்தோம். எழுத்தும் மாத்திரையும் அதே கணக்கு, ராகத்தில் ஓர் இடமும் இடறவில்லை. வரும் ஞாயிறு காணிக்கை நேரத்தில் பாடகர் குழு அதை முதல் தடவையாகப் பாடுகிறது. சபைக்கு நான்காம் வாரம்.